தேவன் நியமித்த அதிகாரி என்றால் யார்? சாவியைச் சுமப்பவரின் கதை

தேர்தல் முடிவு வந்த மறுநாள் கிறிஸ்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வசனம் தவறாமல் வலம் வரும்: “உண்டாயிருக்கிற அதிகாரங்கள் தேவனாலே நியமிக்கப்பட்டிருக்கிறது.” ரோமர் 13:1. யார் அனுப்புகிறார்கள் என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். பெரும்பாலும் ஜெயித்த பக்கத்துக்கு ஓட்டுப் போட்டவர்தான். தோற்ற பக்கத்துக்காரர் அன்றைக்கு 146-ஆம் சங்கீதத்துக்குப் போய்விடுவார், பிரபுக்களை நம்ப வேண்டாம் என்று. அடுத்த தேர்தலில் முடிவு தலைகீழானால் இருவரும் வசனங்களைக் கைமாற்றிக்கொள்வார்கள்.

இதற்குக் கட்சிப் பாசம் ஒரு காரணம். ஆனால் ‘நியமிக்கப்பட்ட’ என்ற சொல்லிலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. அதை ‘ஆசீர்வதிக்கப்பட்ட’ என்றும், ‘கேள்வி கேட்கக் கூடாத’ என்றும் இஷ்டத்துக்கு மாற்றிப் படிக்கிறோம். வேதாகமம் உருவான உலகத்தில் நியமிக்கப்பட்டவர் என்றால் இன்னொருவருடைய சாவியைச் சுமப்பவர், என்றாவது ஒருநாள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர். அந்த ஆளை முதலில் அடையாளம் கண்டுகொண்டால் ரோமர் 13 பாதி புரிந்துவிடும்.

## முதலில் ஒரு பவர் பத்திரம்

ஒருவர் ஆட்சிப் பொறுப்புக்கு வருவது பெரும்பாலும் பிறப்பால், பலத்தால், தேர்வால் அல்லது நியமனத்தால். ராஜாவின் மகன் ராஜாவாவது பிறப்பு. படையோடு வந்து பிடிப்பது பலம். மக்கள் ஓட்டுப் போடுவது தேர்வு. நியமனம் என்பது, மேலே இருக்கும் ஒருவர் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை ஒரு வேலைக்காக இன்னொருவர் கையில் கொடுப்பது.

வெளிநாட்டில் இருப்பவர் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் வாங்கியவர் வாடகை வசூலிக்கலாம், கூரையைச் சரிசெய்யலாம், குடியிருப்பவரை மாற்றலாம். அவர் போடும் கையெழுத்து சொந்தக்காரர் போட்ட கையெழுத்துக்குச் சமம். வாடகைக்கு இருப்பவர் ‘நீ யார் என்னைக் கேட்க?’ என்று சொல்ல முடியாது. ஆனால் விற்கும் உரிமை பத்திரத்தில் இல்லையென்றால் அவர் அந்த வீட்டை விற்க முடியாது. வசூலித்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சொந்தக்காரர் நினைத்தால் பவரை ரத்து செய்யலாம்.

நியமனம் பற்றிய எல்லாமே இதற்குள் இருக்கிறது. அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார், வேலைக்கு ஓர் எல்லை இருக்கிறது, கணக்குக் கேட்கும் நாள் இருக்கிறது, பறிக்கும் உரிமை இருக்கிறது. இப்படி இரவலாக வரும் அதிகாரத்தை ‘ஒப்படைக்கப்பட்ட அதிகாரம்’ என்பார்கள். அதிகாரம் உண்மையானது, ஆனால் வைத்திருப்பவருக்குச் சொந்தமில்லை.

தமிழ் வேதாகமத்தில் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு: உக்கிராணக்காரன். உக்கிராணம் என்றால் பண்டகசாலை. அதன் பொறுப்பாளன் உக்கிராணக்காரன். லூக்கா 16-இல் எஜமான் அவனைக் கூப்பிட்டு, “உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி” என்கிறான். ஆளுகை பற்றிய கிறிஸ்தவப் பார்வை முழுவதையும் ஒரே சொல்லில் வைக்கச் சொன்னால் நான் ‘ராஜா’வை எடுக்க மாட்டேன், இந்த உக்கிராணக்காரனைத்தான் எடுப்பேன்.

## ஒரே மோதிரம், இரண்டு விரல்கள்

பழைய உலகத்தில் பவர் பத்திரத்தின் வேலையை முத்திரை மோதிரம் செய்தது. ஆதியாகமம் 41-இல் பார்வோன் தன் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி யோசேப்பின் கையில் போடுகிறான். மெல்லிய வஸ்திரம், கழுத்தில் பொன் சரப்பணி, போகிற வழியெல்லாம் ஜனங்கள் தெண்டனிட்டுப் பணிய ஓர் இரதம். கூடவே ஒரு வரம்பையும் சொல்கிறான்: சிங்காசனத்தில் மட்டும் நான் உனக்கு மேல். சிறையிலிருந்து அன்று காலையில்தான் சவரம் செய்து வெளியே வந்த ஒருவன், சாயங்காலம் எகிப்து முழுவதற்கும் அதிகாரி. பிறப்பு வழியில் இப்படி ஒரு தாவல் நடக்கவே முடியாது, நியமனத்தில் முடியும்.

எகிப்தில் இந்தப் பதவி எப்படிப் பார்க்கப்பட்டது என்பதற்கு நல்ல சான்று உண்டு. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் துட்மோஸ் என்ற பார்வோனிடம் பிரதம அமைச்சராக இருந்த ரெக்மிரேயின் கல்லறை தீப்ஸ் நகரத்தருகே இருக்கிறது. அவருக்குப் பதவி கொடுத்தபோது ராஜா சொன்ன புத்திமதி அதன் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது: இந்தப் பதவி இனிப்பானதல்ல, பித்தைப் போலக் கசப்பானது. தெரிந்தவனையும் தெரியாதவனையும் ஒரே மாதிரி பார் என்றும் அதில் அறிவுரை வருகிறது. பதவி கொடுக்கிற நாளிலேயே கசக்கும் என்று சொல்லிக் கொடுத்த அந்த நேர்மையை இன்றைய பதவியேற்பு விழாக்களில் நான் பார்த்ததில்லை.

எஸ்தர் புத்தகத்துக்கு வந்தால் மோதிரக் கதை சிக்கலாகிறது. 127 நாடுகளை ஆண்ட பாரசீக ராஜா அகாஸ்வேரு தன் மோதிரத்தை ஆமானுக்குக் கொடுக்கிறான். ஆமான் அதை வைத்து ஓர் இனத்தையே அழிக்கும் கட்டளைக்கு முத்திரை போடுகிறான். சில அதிகாரங்கள் கழித்து ஆமான் தூக்குமரத்தில். ராஜா அதே மோதிரத்தைக் கழற்றி, அழிக்கப்படவிருந்த அந்த இனத்தைச் சேர்ந்த மொர்தெகாய்க்குக் கொடுக்கிறான். ராஜாவும் மாறவில்லை, மோதிரமும் மாறவில்லை, நியமித்த முறையும் அதுவேதான். இரண்டு பேரும் முறைப்படி நியமிக்கப்பட்டவர்கள். ஆகவே ‘நியமனம் செல்லும்’ என்பதும் ‘நியமிக்கப்பட்டவர் நல்லவர்’ என்பதும் வேறு வேறு கேள்விகள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் வாட்ஸ்அப் சண்டைகளில் பாதி குறையும்.

## கணக்குக் கேட்ட பேரரசு

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் முறைப்படுத்தியவர்கள் பாரசீகர்கள். மாகாணத்தை ஆள அனுப்பப்பட்டவருக்கு ‘சத்ரப்’ என்று பெயர். பழைய பாரசீகத்தில் அதன் பொருள் ‘ராஜ்யத்தின் காவலன்’. (நம் வரலாற்றுப் பாடங்களில் வரும் க்ஷத்ரபர்கள் என்ற பெயரும் இதே சொல்தான்.) தமிழ் வேதாகமத்தில் இவர்கள் தேசாதிபதிகள். தானியேல் 6-இல் தரியு 120 தேசாதிபதிகளையும், அவர்களுக்கு மேல் மூன்று பிரதானிகளையும் வைக்கிறான். எதற்கு? ராஜாவுக்கு நஷ்டம் வராதபடி தேசாதிபதிகள் கணக்கு ஒப்புவிக்க. அந்த மூன்று பேரில் ஒருவன் தானியேல். சிங்கக் குகையை நினைவு வைத்திருக்கும் நாம், தானியேல் பார்த்த வேலை கணக்குச் சரிபார்ப்பது என்பதை மறந்துவிடுகிறோம். அவன்மேல் மற்றவர்களுக்கு ஏன் அத்தனை கோபம் என்பதும் இப்போது லேசாகப் புரியும்.

இந்த அமைப்புக்குள் ஒரு நல்ல அதிகாரியைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் நெகேமியாவைப் படிக்க வேண்டும். ராஜாவின் பானபாத்திரக்காரன். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, போய்க் கட்ட அனுமதி கேட்கிறான். அர்தசஷ்டா ராஜாவின் 20-ஆம் ஆண்டு, அதாவது கி.மு. 445 வாக்கில். ராஜா கேட்கும் முதல் கேள்வி: பயணம் எவ்வளவு நாள், எப்போது திரும்பி வருவாய்? நெகேமியா ஒரு காலத்தைக் குறித்துச் சொல்கிறான். அது பதவிக்காலம். அப்புறம் கடிதங்கள் கேட்கிறான்: யூப்ரடீஸ் நதிக்கு அப்புறத்திலுள்ள தேசாதிபதிகள் வழிவிட ஒன்று, வாசல்களுக்கும் அலங்கத்துக்கும் மரம் கொடுக்கச் சொல்லி ராஜாவின் வனக்காவலன் ஆசாப்புக்கு ஒன்று. என்ன செய்யலாம், எதை எடுக்கலாம் என்பது எழுத்தில் கையில் இருக்கிறது. பவர் பத்திரமேதான்.

பன்னிரண்டு வருஷம் அதிபதியாக இருக்கிறான். ஐந்தாம் அதிகாரத்தில் தன் வீட்டுச் செலவையே எழுதி வைத்திருக்கிறான். முந்திய அதிபதிகள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் வாங்கினார்கள். 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். அவர்களுடைய வேலைக்காரர்கள்கூட ஜனங்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள். நெகேமியாவின் பந்தியில் 150 பேர் சாப்பிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு காளை, முதல்தரமான ஆறு ஆடு, கோழிகள். இவ்வளவு செலவிருந்தும் அதிபதிக்குரிய படியை அவன் வாங்கவில்லை. சட்டப்படி வாங்கியிருக்கலாம். ஏன் வாங்கவில்லை என்பதற்கு அவன் சொல்லும் காரணம் சின்னது: தேவனுக்குப் பயந்ததால். அதோடு, ஜனங்கள் ஏற்கெனவே பாரத்தில் இருந்தார்கள். 32-ஆம் ஆண்டில் ராஜாவிடம் திரும்பிப் போகிறான். மறுபடி உத்தரவு வாங்கிக்கொண்டுதான் எருசலேமுக்கு வருகிறான்.

இதுவரை பார்த்ததில் ஒன்றைக் கவனியுங்கள். நெகேமியாவை நியமித்தது யூதரல்லாத ஒரு வெளிநாட்டு ராஜா. ஆனால் நெகேமியா இரண்டு எஜமான்களுக்குக் கணக்குச் சொல்கிறான்: சூசானில் இருக்கும் ராஜாவுக்கும், பரலோகத்தின் தேவனுக்கும். கிறிஸ்தவப் பார்வையில் எல்லா அதிகாரியும் இப்படி இரட்டைக் கணக்கு உள்ளவர், அவருக்கு அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

## பிலாத்து யாரைப் பார்த்துப் பயந்தான்?

உலகத்தில் அதிகமாகப் பெயர் சொல்லப்படும் நியமன அதிகாரி அநேகமாக, இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பொந்தியு பிலாத்துதான். விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவையும் மரியாளையும் தவிர வரும் ஒரே மனிதப் பெயர் அது.

1961-இல் செசரியாவில், பழைய ரோம நாடக அரங்கைத் தோண்டிக்கொண்டிருந்த இத்தாலிய ஆய்வாளர்களுக்கு ஒரு சுண்ணாம்புக் கல் கிடைத்தது. சுமார் 82 செ.மீ. உயரம், 65 செ.மீ. அகலம். பிற்காலத்தில் யாரோ அதைப் பெயர்த்து எடுத்துப் படிக்கட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் சிதைந்துபோய், மீதி எழுத்துகளில் ‘பிலாத்துஸ்’ என்ற பெயர் முழுதாகத் தெரிகிறது. அதன் கீழ் ‘யூதேயாவின் பிரிஃபெக்ட்’ என்ற பட்டத்தின் பாதி. பிரிஃபெக்ட் என்றால் சிறிய மாகாணம் ஒன்றைப் பார்த்துக்கொள்ள ரோமப் பேரரசர் அனுப்பும் அதிகாரி. கல்லில் இதற்கு மேல் வரியில் இருப்பது பேரரசர் திபேரியுவின் பெயரால் அவன் எழுப்பிய ஒரு கட்டடம். தன்னை அனுப்பியவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஆள்.

அவன் கவனம் எப்போதும் ரோமை நோக்கித்தான். ஒரு முறை எருசலேமில் பேரரசர் பெயரால் அவன் வைத்த கேடயங்களைப் பற்றி யூதத் தலைவர்கள் திபேரியுவுக்கே எழுதினார்கள். பேரரசர் கண்டித்து, அவற்றை எடுத்துச் செசரியாவில் வைக்கச் சொன்னார். அந்தக் கால யூத எழுத்தாளர், அலெக்சாந்திரியாவின் ஃபைலோ இதை எழுதி வைத்திருக்கிறார். இது தெரிந்தால் யோவான் 19-இல் கூட்டம் போடும் சத்தம் வேறு மாதிரி கேட்கும்: “இவனை விடுதலைபண்ணினால் நீர் இராயனுக்குச் சிநேகிதனல்ல.” இராயன் என்றால் ரோமப் பேரரசர். உன் மேலிடத்துக்கு எழுதுவோம் என்ற மிரட்டல் அது. இயேசுவிடம் குற்றம் ஒன்றும் காணவில்லை என்று தானே சொன்னவன், அந்த வார்த்தைக்குப் பிறகு அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை.

அதற்குச் சற்று முன்புதான் இருவருக்கும் அந்த உரையாடல் நடக்கிறது. உன்னை விடுதலை செய்யவும் சிலுவையில் அறையவும் எனக்கு அதிகாரம் உண்டு என்று தெரியாதா என்கிறான் பிலாத்து. இயேசு, அந்த அதிகாரம் பரத்திலிருந்து உனக்குக் கொடுக்கப்படாவிட்டால் என்மேல் உனக்கு ஒன்றும் இருக்காது என்கிறார். அவனுக்கு அதிகாரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை என்கிறார். அடுத்த வரியிலேயே பாவம் என்ற சொல்லும் வந்துவிடுகிறது. மேலிருந்து வந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டே பாவம் செய்ய முடியும். ரோமர் 13-ஐ மட்டும் தனியாக எடுத்துப் படிப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

பிலாத்துவின் கணக்கு நாளும் வந்தது. கி.பி. 36-இல் சமாரியர்கள்மேல் அவன் நடத்திய கொலைவெறித் தாக்குதலைப் பற்றி அவர்கள் புகார் கொண்டுபோனது சிரியாவின் ஆளுநர் வித்தேலியுவிடம். அவர் பிலாத்துவை ரோமுக்குப் போய்ப் பதில் சொல்லச் சொன்னார் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அவன் போய்ச் சேருவதற்குள் திபேரியு இறந்துவிட்டார்.

## சரி, ரோமர் 13 என்னதான் சொல்கிறது?

பவுல் அந்தக் கடிதத்தை எழுதியது ஏறத்தாழ கி.பி. 57-இல். ரோமில் நீரோ ஆட்சி. ‘நியமிக்கப்பட்டிருக்கிறது’ என்று தமிழில் வரும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், படைவீரரை அணியில் நிறுத்துவதற்கும் பயன்படும் சொல். அணியில் நிற்பவனுக்கு ஓர் இடம் உண்டு, அவனுக்கு மேலே கட்டளையிடுகிறவர் உண்டு. அதிகாரிக்கு மகுடம் சூட்டும் சொல்லாக இதைப் படிப்பது கொஞ்சம் கஷ்டம்.

நான்காம் வசனம் எல்லையைச் சொல்கிறது: உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு அவன் தேவ ஊழியக்காரன். ஊழியக்காரன் என்பதற்கு அங்கே உள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் சபையின் ‘டீக்கன்’ வந்தது. தீமையைத் தண்டிப்பது, நன்மை செய்கிறவனைப் பாராட்டுவது: பத்திரத்தில் எழுதப்பட்ட வேலை இவ்வளவுதான். பேதுருவும் தன் முதல் கடிதத்தில், ராஜாவையும் ‘அவனால் அனுப்பப்பட்ட அதிகாரிகளை’யும் சொல்லிவிட்டு, உடனே இதே வேலையைத்தான் குறிப்பிடுகிறார்.

அப்படியானால் எல்லா ஆட்சியும் தேவனுக்குப் பிரியமானதா? ஓசியா 8:4-ஐப் படியுங்கள்: அவர்கள் ராஜாக்களை ஏற்படுத்திக்கொண்டார்கள், ஆனாலும் என்னாலே அல்ல. தானியேல் 4 வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது; உன்னதமானவர் மனுஷரில் தாழ்ந்தவனையும் ராஜ்யத்தின்மேல் வைக்கிறார் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தேவன் இடம் கொடுப்பது ஒன்று, சான்றிதழ் கொடுப்பது வேறொன்று. எல்லா அதிகாரமும் அவர் கைக்கு உட்பட்டது. எல்லா அதிகாரியும் அவர் மனதுக்கு ஏற்றவரல்ல.

ஏசாயா 22-இல் ஒரு காட்சி வருகிறது. செப்னா என்பவன் ராஜாவின் அரமனை விசாரிப்புக்காரன். மலையில் உயரமான இடத்தில், கன்மலையில் தனக்கு ஒரு கல்லறை வெட்டிக்கொண்டிருக்கிறான். தீர்க்கதரிசி நேராகப் போய், இங்கே உனக்கு என்ன, இங்கே உனக்கு யார் என்று கேட்கிறார். உன் நிலையை விட்டு உன்னைத் தள்ளுவேன் என்று தேவவார்த்தை வருகிறது. தாவீது வீட்டின் திறவுகோல் எலியாக்கீமின் தோள்மேல் வைக்கப்படும். அந்தக் காலச் சாவி தோளில் சுமக்கும் அளவுக்குப் பெரியது; செப்னா அதைச் சுமந்து சுமந்து வீடே தன்னுடையது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

சுருக்கமாக: அதிகாரம் தேவனிடமிருந்து வருகிறது என்ற வாக்கியம் அதிகாரிக்கு உயரத்தைக் கொடுப்பதைவிட ஒரு மேலதிகாரியைக் கொடுக்கிறது. மக்கள் அவருக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதும், அவர் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் ஒரே வசனத்திலிருந்து வருகின்றன.

## பாதியை மட்டும் படித்தவர்கள்

இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் வரலாற்றில் நிறைய. 1610-இல் இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ் பாராளுமன்றத்தில், ராஜாக்கள் பூமியில் தேவனுடைய பிரதிநிதிகள், தேவனே அவர்களைத் தேவர்கள் என்று அழைக்கிறார் என்று பேசினார். பிரதிநிதி என்று சொன்னவர், பிரதிநிதியிடம் கணக்குக் கேட்கப்படும் என்பதைத் தேவனுக்கும் தனக்கும் இடையில் மட்டும் வைத்துக்கொண்டார். குடிமக்கள் கேட்கக் கூடாது.

மறுபக்கம் நின்றவர்களும் உண்டு. 1550-இல், பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குப் பணிய மறுத்த ஜெர்மனியின் மக்டெபர்க் நகரத்தின் போதகர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மேலே இருக்கும் ஆட்சியாளன் தேவன் கொடுத்த வேலைக்கு எதிராகப் போனால், கீழே நியமிக்கப்பட்டிருக்கும் அதிகாரிகளுக்குத் தங்கள் மக்களைக் காக்கும் கடமை இருக்கிறது. ஏனென்றால் அவர்களும் தேவனால் வைக்கப்பட்டவர்கள். நியமனம் என்ற அதே கருத்தை மேலே நோக்கித் திருப்பிவிட்டார்கள்.

1934 மே மாதம், ஹிட்லரின் ஜெர்மனியில், பார்மென் நகரில் கூடிய லூத்தரன், சீர்திருத்த, ஐக்கியச் சபைகளின் பிரதிநிதிகள் வெளியிட்ட அறிக்கையின் ஐந்தாம் பகுதி இதில் மிகத் தெளிவானது. நீதியையும் சமாதானத்தையும் காப்பது தேவ ஏற்பாட்டின்படி அரசின் வேலை என்று ஒப்புக்கொள்கிறது. மனித வாழ்வு முழுவதற்கும் தானே ஒழுங்கு என்று அரசு ஆக முடியும் என்ற போதனையை நிராகரிக்கிறது. 1985-இல் தென்னாப்பிரிக்காவில் வந்த கைரோஸ் ஆவணம், நிறவெறி அரசைத் தாங்க ரோமர் 13-ஐப் பயன்படுத்துவதை ‘அரசு இறையியல்’ என்று பெயரிட்டுக் கண்டித்தது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1527-இன் ஷ்லைத்தைம் அறிக்கை வழிவந்த அனபாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், பட்டயம் (வாள், அதாவது தண்டிக்கும் அதிகாரம்) தேவ ஏற்பாடுதான், ஆனால் கிறிஸ்துவின் சீஷன் அந்தப் பதவியில் உட்காரக் கூடாது என்றார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. நெகேமியா குறுக்கே நிற்கிறான்.

## இன்றைக்கு யார் நியமன அதிகாரி?

ஜனநாயகம் வந்ததும் நியமனம் போய்விட்டது என்று நினைப்பது தவறு. நீதிபதிகள், தூதர்கள், மத்திய வங்கித் தலைவர்கள், ஆளுநர்கள் என்று ஒரு நாட்டை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் ஓட்டில் வந்தவர்கள் இல்லை. மாறியது என்னவென்றால், நியமிக்கிறவரும் இப்போது யாரோ ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். அமெரிக்காவில் அதிபர் ஒருவரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியலாம். செனட் ஒப்புக்கொண்டால்தான் நியமனம். இந்தியாவில் மாநில ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அரசியல் நிர்ணய சபையின் வரைவில் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கும் யோசனை இருந்தது. மக்கள் ஓட்டால் வந்த ஆளுநரும் அதே மக்களின் ஆதரவில் வந்த முதலமைச்சரும் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்ற கவலையில் 1949-இல் நியமனத்துக்கு மாறினார்கள். நியமித்த பிறகும் மோதல் ஓயவில்லை என்பது வேறு கதை.

நியமன அதிகாரம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1975 நவம்பர் 11 நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவில் ராணியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் காஃப் விட்லமைப் பதவியிலிருந்து நீக்கினார். செலவுக்கான நிதி மசோதா செனட்டில் தடைபட்டிருந்தது. கெரை அந்தப் பதவிக்குப் பரிந்துரைத்ததே விட்லம்தான்! நீக்கியது சட்டப்படி சரியா, முறையா என்று அந்த நாட்டில் இன்றும் வாதம் நடக்கிறது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் மக்கள் விட்லமுக்கு எதிராகவே பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். கெர் மேலிருந்த கோபமும் தணியவில்லை. பவர் பத்திரத்தில் எழுதப்படாத வரி ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

மக்கள் தேர்வும் மேலிருந்து வரும் நியமனமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சிலர் வேதாகமத்தின் பேரிலேயே வாதிடுவதுண்டு. ஆனால் உபாகமம் 1:13-இல் மோசே ஜனங்களிடம், உங்கள் கோத்திரங்களில் ஞானமும் அறிவும் உள்ளவர்களை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், நான் அவர்களை உங்களுக்கு அதிபதிகளாக ஏற்படுத்துவேன் என்கிறான். அப்போஸ்தலர் 6-இல் பந்தி விசாரிக்க ஏழு பேர் தேவைப்பட்டபோதும் இதே வரிசைதான்: சபை தெரிந்தெடுத்தது, அப்போஸ்தலர்கள் ஏற்படுத்தினார்கள். ஓட்டு வழியாக வந்ததால் ஒருவர் தேவனுடைய உக்கிராணக்காரர் இல்லை என்றாகிவிடாது.

## தப்பு செய்கிறவரிடம் மாட்டிக்கொண்டால்?

இந்தக் கேள்விக்கு ரோமர் 13-ஐ எழுதியவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. அந்தக் கடிதம் எழுதிய கொஞ்ச காலத்தில் பவுல் எருசலேமில் பிடிபட்டு, செசரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். பிலாத்துவின் பதவியில் அப்போது பேலிக்ஸ். பவுலை அடிக்கடி வரவழைத்துப் பேசுவான். நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது பயந்தும் இருக்கிறான். ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசியதற்கு ஒரு காரணம், பவுல் பணம் கொடுப்பார் என்ற நம்பிக்கை. அப்போஸ்தலர் 24 அதை மறைக்காமல் சொல்கிறது. பவுல் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் காவலில் கிடந்தார்.

அடுத்து வந்தவன் பெஸ்து. யூதத் தலைவர்களைத் திருப்திப்படுத்த, வழக்கை எருசலேமில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான். வழியிலேயே கொன்றுவிட ஆள் காத்திருக்கிறது. ‘அதிகாரி கேட்கிறார், தேவன் நியமித்தவர், போய்விடுவோம்’ என்று பவுல் சொல்லவில்லை. கலகமும் செய்யவில்லை. ரோமக் குடிமகனுக்கு இருந்த உரிமையை எடுத்து மேசைமேல் வைக்கிறார்: இராயனுக்கு அபயமிடுகிறேன். நியமித்தவரிடமே போகிறேன் என்று பொருள். பெஸ்துவுக்கு வேறு வழியில்லை, இராயனுக்கு அபயமிட்டாய், இராயனிடத்துக்கே போவாய் என்கிறான்.

இப்போது சிக்கல் பெஸ்துவுக்கு. கைதியை அனுப்பினால் கூடவே பேரரசருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், குற்றம் என்னவென்று. எழுத ஒன்றுமில்லை. சில நாட்களில் அகிரிப்பா ராஜா அவனைப் பார்க்க வருகிறான். அவனும் ரோம் வைத்த ராஜாதான். பெரிய ஆடம்பரத்தோடு சபை கூட்டி, சேனாபதிகளையும் பட்டணத்துப் பெரியவர்களையும் உட்காரவைத்து, பவுலைக் கொண்டுவந்து நிறுத்தி, பெஸ்து தன் கஷ்டத்தை எல்லோர் முன்னாலும் சொல்கிறான்: இவனைப் பற்றி ஆண்டவனுக்கு (பேரரசருக்கு) எழுத என்னிடம் நிச்சயமான காரியம் ஒன்றுமில்லை, நீங்கள் விசாரித்த பிறகாவது ஏதாவது கிடைக்குமா என்றுதான் கொண்டுவந்தேன்.